முதல் என்பதற்கு இரண்டு அர்த்தம்

ஸ்ரீரங்கத்தில் ஊர் முழுதாகக் கண் விழிப்பதற்குள் ஒரு யானை வேலைக்குக் கிளம்பிவிடும். கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் தண்ணீர் எடுத்து, யானை மேல் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். வருடத்தில் பதினோரு மாதம் இப்படித்தான். ஐப்பசி ஒரு மாதம் மட்டும் குடமும் மாறும், ஆறும் மாறும். தங்கக் குடம், அம்மா மண்டபம் படித்துறை, காவிரித் தண்ணீர். அதற்குப் பிறகு விஸ்வரூப சேவை. வீணை ஒலிக்கும். சன்னதிக்கு எதிரே பசு வந்து நிற்கும், யானை வந்து நிற்கும். பெரிய பெருமாளுக்கு அன்றைய நாள் ஆரம்பமாகிவிடும்.

நேற்று எப்படிப் போயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நேற்று கூட்டம் நெரிந்திருக்கலாம். மழையில் உற்சவம் தடைப்பட்டிருக்கலாம். இன்றைக்கும் அதே குடம், அதே வீணை, அதே நேரம்.

கோயிலுக்கு வெளியே சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் அந்த நேரத்தில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். நேற்றுப் போட்ட கோலத்தின் மேல் நூறு பேர் நடந்திருப்பார்கள், நாலு சைக்கிள் ஏறியிருக்கும், மாவை எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். யாரும் அதற்காக அழுவதில்லை. பெருக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, மறுபடியும் முதல் புள்ளி.

ஒவ்வொரு நாளும் ஒரு புதிய தொடக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வேண்டும்! ஏனென்றால் இந்த உதாரணத்தை அவசரமாகப் படித்தால் தப்பான பாடம்தான் கிடைக்கும்.

*

"இன்று புதிதாய்ப் பிறந்தோம்" என்கிற தொனியில் தினமும் எத்தனை வாசகங்கள் வருகின்றன! தினசரி காலண்டரின் அடியில், ஆட்டோவின் முதுகில், வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு. அனுப்புகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அது வந்து சேரும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மூன்று பேப்பரில் அரியர் வைத்திருக்கும் ஒரு மாணவன் காலையில் எழுகிறான். அவன் எழுந்ததும் அரியரும் எழுந்து உட்காருகிறது. இரவோடு இரவாக அது ஒன்றும் கரைந்து போய்விடவில்லை. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கிய ஒரு பூக்கடைக்காரர் எழுகிறார். அவர் தூங்கிய நேரத்திலும் வட்டி தூங்கவில்லை. இவர்களிடம் போய் "நேற்றை மறந்துவிடு, இன்று வெள்ளைத்தாள்" என்றால் அது ஆறுதலா, கேலியா?

வெள்ளைத்தாள் என்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஜூன் மாதம் புது நோட்டு வாங்கிய எல்லாருக்கும் இது தெரியும். முதல் பக்கத்தில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்பு மை, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. நாலாவது பக்கம் வரும்போது பழைய கிறுக்கல் திரும்பி வந்துவிடும். உடனே என்ன தோன்றும்? இன்னொரு புது நோட்டு வாங்கலாம் என்று. இப்படியே வருடம் முழுவதும் முதல் பக்கமாகவே எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு :) திங்கட்கிழமையிலிருந்து படிப்பு, ஒன்றாம் தேதியிலிருந்து ஜிம், தை பிறந்ததும் ஹிந்தி கிளாஸ்... தொடக்கங்களுக்குக் குறைவே இல்லை. தொடர்ச்சிக்குத்தான் பஞ்சம்.

அப்படியென்றால் புதிய தொடக்கம் என்பதே பொய்யா? இல்லை. அதைப் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் கோளாறு. அந்தக் கோளாறைச் சரிசெய்யப் பெரிய தத்துவப் புத்தகம் எதுவும் வேண்டாம். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் போதும்.

*

மளிகைக் கடைக்காரர் ராத்திரி கடை சாத்துவதற்கு முன் கல்லாவை எண்ணுவார். மீதி இருக்கும் தொகையை ரொக்க ஏட்டில் இறுதி இருப்பு என்று எழுதுவார். மறுநாள் காலையில் புதுப் பக்கம் திருப்பி முதல் வரியில் என்ன எழுதுவார்? அதே தொகையை. இப்போது அதன் பெயர் தொடக்க இருப்பு. பக்கம் புதிது, தொகை பழையது. எந்தக் கணக்கனும் புதுப் பக்கத்தைப் பூஜ்யத்தில் ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் அது புதுக் கணக்கு இல்லை, பொய்க் கணக்கு.

ஆனால் கணக்குப்பதிவியல் இதோடு நிற்பதில்லை. எல்லாவற்றையும் அது அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதும் இல்லை. கணக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. சம்பளம், வாடகை, வட்டி, தள்ளுபடி மாதிரியான வரவு செலவுகள் பெயரளவுக் கணக்கு. கட்டடம், இயந்திரம், சரக்கு, ரொக்கம் ஆகியவை சொத்துக் கணக்கு. கொடுக்க வேண்டியவர், தர வேண்டியவர் என்று மனிதர்களோடு இருப்பது ஆள்சார் கணக்கு.

மார்ச் 31 ராத்திரி பெயரளவுக் கணக்குகள் எல்லாம் மூடப்படும். போன வருடம் எவ்வளவு நஷ்டப்பட்டாலும் ஏப்ரல் 1 காலையில் வாடகைக் கணக்கு பூஜ்யம், சம்பளக் கணக்கு பூஜ்யம். ஆனால் சொத்தும் ஆட்களும் அப்படியே அடுத்த வருடத்துக்கு வருவார்கள். சப்ளையருக்குத் தர வேண்டிய ஐயாயிரம், நாள் மாறியதால் நாலாயிரம் ஆகிவிடாது.

ஒரு மனிதனின் நாளுக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. நேற்று வாங்கிய திட்டு, வகுப்பில் பட்ட அவமானம், பஸ்ஸில் வந்த கோபம், ஏன், நேற்று கிடைத்த கைதட்டலும்கூடப் பெயரளவுக் கணக்குதான். ராத்திரியோடு மூடிவிட வேண்டியவை. கற்றுக்கொண்ட பாடம், பழகிய கை, தப்பிலிருந்து வந்த புத்தி இவை சொத்து. காலையில் கூடவே எழ வேண்டியவை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, நண்பனிடம் வாங்கிய கைமாற்று, இன்னும் கேட்காத மன்னிப்பு இவையெல்லாம் ஆள்சார் கணக்கு. இவற்றை மூடும் அதிகாரம் விடியலுக்குக் கிடையாது. அந்த ஆளிடம் போய்த் தீர்த்தால்தான் தீரும்.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திட்டையும் அவமானத்தையும் பத்து வருடத்துக்கு எடுத்துப் போகிறார்கள். கடனையும் வாக்கையும் மறுநாளே மூடிவிடுகிறார்கள்!

இன்னொன்று. மூடிய பெயரளவுக் கணக்குகளின் லாப நஷ்டம் காற்றில் போவதில்லை, முதல் கணக்கில் போய்ச் சேரும். நஷ்டம் என்றால் முதல் குறையும். ஆக, கணக்கு எதையும் மறைக்கவில்லை. நஷ்டத்தை ஒரு தடவை ஒப்புக்கொண்டு, ஒரு வரியில் எழுதி, அதோடு முடித்துக்கொள்கிறது. தினமும் அதையே எழுதிக்கொண்டிருப்பதில்லை.

"முதல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் முதல் என்றால் ஆரம்பம். முதல் என்றால் போட்ட பணமும்தான். முதல் போடாமல் முதல் அடி இல்லை என்பது நம்மூர்ச் செட்டியார் கடைகளில் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி, ஒவ்வொரு தொடக்கமும் ஏதோ ஒரு இருப்பின் மேல்தான் நிற்கிறது என்பதை அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

*

இனி ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பலாம். தினமும் புதிதாக ஆரம்பிக்கும் இந்தக் கோயிலுக்கு, விடியவே விடியாதோ என்று தோன்றிய ஒரு நீண்ட இரவு இருந்தது.

1323ல் தில்லியிலிருந்து உலூக் கான் தலைமையில் படை வந்தது. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று சுல்தானானவர் இவர்தான். உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே கிளம்பியது. அதை வழிநடத்தியவர் பிள்ளை லோகாசாரியார். தள்ளாத வயது. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. திரும்பி வருவதை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் தொடர்ந்து போனார்கள். மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று மூர்த்தி ஊர் ஊராக இருந்துவிட்டு, விஜயநகரத் தளபதி கோபணாரின் உதவியோடு 1371ல் ஸ்ரீரங்கம் திரும்பியது. 48 வருடம். கணக்குப் போட்டால் சுமார் 17,500 காலைகள்.

திரும்பி வந்த அன்று ஒரு சிக்கல் என்று கோயிலொழுகு சொல்கிறது. 48 வருடத்தில் பழைய மூர்த்தியைப் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வேறொரு மூர்த்தியை வைத்து வழிபாடு நடந்திருந்தது. வந்திருப்பது பழைய மூர்த்திதானா? யாரைக் கேட்பது? கடைசியில் ஒரு சலவைத் தொழிலாளி கிடைத்தார். ஈரங்கொல்லி என்று கோயில் வழக்கில் சொல்வார்கள். வயது முதிர்ந்து பார்வையும் போயிருந்தது. பெருமாளின் ஈரவாடையை அந்தக் காலத்தில் துவைத்தவர். இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரத் துணியின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்களாம். வாயில் வைத்த உடனே "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது நடந்ததா, நடந்ததாகச் சொல்லப்படுவதா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஊர் இந்தக் கதையை ஏன் இத்தனை நூற்றாண்டாகப் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. 1371ல் ஸ்ரீரங்கத்துக்குக் கிடைத்தது பெரிய புதிய தொடக்கம். அதற்குச் சாட்சி சொல்ல ராஜா வரவில்லை, பண்டிதர் வரவில்லை. தினமும் துணி துவைத்த ஒருவரின் நாக்கில் இருந்த ஞாபகம் வந்தது. நேற்றை முழுக்க அழித்துவிட்ட ஊராக இருந்திருந்தால் அன்றைக்கு எதை வைத்து ஆரம்பித்திருப்பார்கள்?

தள்ளி வைத்துப் பார்த்தால் கோபணாரின் உதவி ஒரு நாள் நிகழ்ச்சி. அந்தக் கூட்டம் வழியில் எங்கெங்கோ தங்கிய இடங்களில் காலையில் எழுந்து, இருக்கிற தண்ணீரில், இருக்கிற பூவில் அன்றைய பூஜையை முடித்ததுதான் அந்த ஒரு நாளை வரவழைத்தது. திரும்புவோம் என்பதற்கு அவர்கள் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை. நம்பிக்கை என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த வேலையின் வடிவத்தில்தான் இருந்திருக்கும்.

*

இரண்டாவது உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் போகும்போதே தெரியும் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி. இன்றைக்கு ஸ்ரீரங்கம் என்றதும் எல்லார் மனதிலும் வரும் படம் அதுதான். ஆனால் அதன் இப்போதைய உருவத்துக்கு வயது அதிகமில்லை. கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25ல்.

அதற்கு முன்னால் அங்கே இருந்தது மொட்டைக் கோபுரம். விஜயநகர மன்னர் அச்சுததேவராயர் காலத்தில் ஆரம்பித்த வேலை அடித்தளத்தோடு நின்றுபோனது என்பார்கள். அதன் பிறகு சுமார் 400 வருடம் அப்படியே. 1935ல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா சிறு வயதில் பார்த்தது அந்த மொட்டையைத்தான். தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் அதன் கீழே நடந்து போனார்கள், வந்தார்கள். முடியாத வேலை என்று அது அடையாளமாகவே ஆகிவிட்டது. முடியாமல் கிடப்பதுதான் அதன் சுபாவம் என்று பழகிப்போயிற்று.

1979ல் அதைக் கட்டி முடிக்க முன்வந்தவர் அஹோபில மடத்தின் 44வது பட்டம் அழகியசிங்கர். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அந்த வயதில் யாரும் பதின்மூன்று மாடிக்கு எஸ்டிமேட் போட மாட்டார்கள்! பலரிடமும் நன்கொடை திரட்டினார். இசையமைப்பாளர் இளையராஜா ஒரு நிலைக்கான செலவை ஏற்றுக்கொண்டார். எட்டு வருடத்தில் வேலை முடிந்தது. அழகியசிங்கர் இருந்து பார்த்தார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அவர் மொட்டைக் கோபுரத்தை இடித்துவிட்டு வேறு இடத்தில் "புதிதாக" ஆரம்பிக்கவில்லை. நானூறு வருடத் தோல்வி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கல்லடித்தளம்தான் புதுக் கோபுரத்தின் கால். பாதியில் நின்ற வேலை என்பது பெயரளவுக் கணக்கில் நஷ்டம். சொத்துக் கணக்கில் அது அஸ்திவாரம். ஒரே கல்தான், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பாதியில் விட்ட சி.ஏ. படிப்பும், நாலு பாடம் முடித்து நின்ற டைப்ரைட்டிங்கும், பாதி கற்ற வயலினும் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கோபுரத்தை ஒரு தடவை நின்று பார்க்கலாம்.

*

மூன்றாவது கதை ஒரு தனி மனிதருடையது. காலையில் பெருமாளை எழுப்பும் திருப்பள்ளியெழுச்சிப் பத்துப் பாசுரங்களைப் பாடியவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். இயற்பெயர் விப்ரநாராயணர். ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து மாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தேவதேவி என்ற கணிகையிடம் மனதைப் பறிகொடுத்து எல்லாவற்றையும் விட்டதாகவும், கோயிலின் பொன் வட்டில் காணாமல் போன வழக்கில் பிடிபட்டு ஊர் முன்னால் அவமானப்பட்டதாகவும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குற்றமற்றவர் என்று விடுதலை கிடைத்த பிறகு அவர் என்ன செய்தார்? ஊரை விட்டு ஓடவில்லை. புதுப் பெயர் வைத்துக்கொண்டார், உண்மைதான். ஆனால் அது அடியவர்களின் பாதத் தூசி என்று தாழ்ந்து நின்ற பெயர். ஆள்சார் கணக்கைத் தீர்த்த விதம் அது. வேலை? பழைய வேலையேதான். அதே நந்தவனம், அதே பூக்கூடை.

விடியலைப் பற்றித் தமிழில் நிலைத்து நின்ற ஒரு பாட்டை, கதையின்படி, ஒரு கறை படிந்த நேற்று இருந்தவர்தான் பாடியிருக்கிறார். இது தற்செயலாகவே இருக்கட்டும். பொருத்தமாக இருக்கிறது.

*

பக்திக் கதை போதும், ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூவர் 2014ல் மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாரம், மாதம், வருடம், செமஸ்டர் இவற்றின் ஆரம்பத்திலும் பிறந்தநாளுக்குப் பிறகும் மனிதர்கள் நல்ல காரியங்களில் அதிகமாக இறங்குகிறார்கள் என்று கண்டார்கள். ஜிம்முக்குப் போவது கூடுகிறது, டயட் பற்றி கூகிளில் தேடுவது கூடுகிறது. இப்படி ஒரு தேதிக்கோடு விழுந்ததும், தோற்றது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த "பழைய ஆள்" என்று மனது பிரித்துக்கொள்கிறது. புது ஆளுக்குத் தெம்பு வருகிறது. ஆக, புதிய தொடக்கம் என்ற உணர்வு வெறும் வாட்ஸ்அப் ரோஜாப்பூ இல்லை, அதற்கு நிஜமான விசை உண்டு.

ஆனால் அதே டாய் 2018ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் சீசன் நடுவில் வேறு லீகுக்கு மாற்றப்பட்டால் அவர்களுடைய அந்த சீசன் புள்ளிவிவரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அதுவரை மோசமாக ஆடியவர்களுக்கு அது உதவியது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கோ அதே பூஜ்யம் கெடுதல் செய்தது. எல்லாருக்கும் எல்லா நாளும் வெள்ளைத்தாள் நல்லதில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை தினமும் காலையில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை.

*

இதுவரை சொன்னது எல்லாம் ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் தொடக்கம். மனதை மட்டும் மாற்றினால் போதும் என்று இங்கே நிறுத்திவிட்டால் அது அநியாயம். சில தொடக்கங்களை அடுத்தவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்களுக்கு ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வைக்கிறார்கள். முன்பெல்லாம் இரண்டு மதிப்பெண்ணில் ஒரு பாடம் போனாலும் ஒரு வருடமே போய்விடும். இப்போது போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பாஸான பாடங்கள் அப்படியே நிற்கும். பாருங்கள், இதுதான் சரியான கணக்கு! சொத்து அடுத்த பக்கத்துக்கு வருகிறது, நஷ்டம் மட்டும் மறுபடி எழுதப்படுகிறது. ரிசல்ட் நாளில் ஒரு பிள்ளைக்கு நூறு தன்னம்பிக்கை வாசகத்தைவிட அந்தத் துணைத் தேர்வு அட்டவணை அதிகம் உதவும்.

கடனில் இருப்பவர்களுக்கு? 2016ல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் புதிய தொடக்கம் என்ற பெயரிலேயே ஒரு நடைமுறை எழுதப்பட்டிருக்கிறது. வருட வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாதவர், சொத்து 20,000 ரூபாய்க்கு மிகாதவர், சொந்த வீடு இல்லாதவர், 35,000 ரூபாய் வரையிலான கடனிலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். நீதிமன்றம் விதித்த அபராதம், ஜீவனாம்சம் போன்றவை இதில் தள்ளுபடி ஆகாது. ஆள்சார் கணக்கு தீராது என்று சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. (கல்விக் கடனும் தள்ளுபடிப் பட்டியலில் இல்லை. மாணவர்கள் கவனிக்க!) ஆனால் 2019 டிசம்பரில் தனிநபர் திவால் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் கதவு திறந்தது. அந்தப் பூக்கடைக்காரருக்கு அன்று திறக்கவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய விடியல் காகிதத்தில் எழுதி வைக்கப்பட்டது.

ஆகவே அடுத்தவருக்கு "இன்று புதிய நாள்" என்று சொல்பவர், அந்த நாளைப் புதிதாக்கத் தன் கையில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். போன செமஸ்டர் நோட்ஸை, திருப்பிக் கேட்காத ஒரு வாரத்தை, பழசைக் குத்திக் காட்டாத ஒரு வாயை. காலையில் எழவே முடியாத அளவுக்கு மனம் கனத்துக் கிடக்கிறவர்களுக்கு வாசகம் அனுப்பாமல் பக்கத்தில் போய் உட்காரலாம். 2022ல் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416ஐ அவர்களோடு இருந்து அழைத்துக் கொடுக்கலாம்.

*

மறுபடியும் அந்த யானைக்கு வருவோம். கொள்ளிடத்தில் தண்ணீர் புரண்டு ஓடும் காலமும் உண்டு, மணல் மட்டும் தெரியும் காலமும் உண்டு. காவிரி வறண்ட வருடங்களிலும் ஆடிப்பெருக்குக்கு ஜனங்கள் அம்மா மண்டபத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஆறு வரும் என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. மஞ்சள் கயிறும் காப்பரிசியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

நம்பிக்கையோடு ஆரம்பிப்பது என்றால் உற்சாகம் பொங்க எழுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்களுக்கு தினமும் உற்சாகம் பொங்கும் என்று சொல்ல முடியாது. மார்கழிக் குளிரில் வாசல் தெளிக்கிறவர்களுக்கும் அப்படித்தான். பல நாள் தூக்கம்தான் வரும். ஆனாலும் முதல் வேலை முடிந்துவிடுகிறது. மனது சில நாள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளிலும் கோலம் வாசலில் இருக்கும்.

அந்த அரியர் மாணவனுக்கும் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. மூன்று பேப்பர் இருக்கிறது. அது தொடக்க இருப்பு, அழிக்க முடியாது. ஆனால் அந்த மூன்று பேப்பரையும் ஒரு தடவை படித்த தலையும் அதே இருப்பில்தான் இருக்கிறது. ரிசல்ட் அன்று வீட்டில் விழுந்த வார்த்தைகளை மூடிவிடலாம். கட்டணம் கட்டிய அப்பாவின் கணக்கை மூட வேண்டாம், அது திறந்தே இருக்கட்டும். காலையில் எழுந்ததும் ஒரே ஒரு கணக்குப் போட்டால் போதும், அன்றைய முதல் புள்ளி விழுந்துவிட்டது.

ராத்திரி ஸ்ரீரங்கத்தில் அரவணை நிவேதனம் முடிந்து நடை சாத்துவார்கள். வீதியில் கோலம் பாதி கலைந்திருக்கும். அன்றைய நாள் நல்லபடியாகவும் போயிருக்கலாம், மோசமாகவும் போயிருக்கலாம். குடத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

நாளைக்கு அதே குடம்தான் வேண்டும்.